தண்டோராக்காரன் செடியான கதை

“ஐயோ! அது என் காது!”

வடிவு கத்தரியைக் கீழே போட்டுவிட்டாள். அவள் விரல்களுக்கிடையே ஓர் இலையின் வெளுத்த ஓரம் இருந்தது. வெட்டிய இடத்தில் பால் துளிர்த்துச் சொட்டியது. காலை வெயிலில் தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெறிச்சென்று கிடந்தது. வேலியோரம் அவளும் ஒரு நந்தியாவட்டைச் செடியும்தான்.

“யாரது?” என்றாள்.

“யாரதா? கட்டின புருசன் குரல் தெரியலையா உனக்கு?” என்றது செடி.

குரல் தெரிந்தது. அந்தக் குரல் தெரியாதவர்கள் ஏழுவேலி நகரத்தில் யாரும் இல்லை.

இது எப்போது நடந்தது என்று கேட்டால், ராஜாக்கள் மாறுவேடத்தில் போனாலும் எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிடுகிற காலம். மந்திரவாதிகள் சந்தைக்கு வந்து கத்திரிக்காயை அமுக்கிப் பார்த்து வாங்கிய காலம். அந்தக் காலத்து ஏழுவேலியில் எல்லா வீட்டுக்கும் நந்தியாவட்டை வேலிதான். கோடையிலும் இலை உதிராமல் நிற்கிற செடி அது. மார்பளவு உயரம், ஒரே பச்சை, ஒரே வரிசை. ராஜாவின் கட்டளை அப்படி. அந்த வேலிகளைக் கத்தரித்துக் கொடுப்பது வடிவின் வேலை. ராஜாவின் கட்டளைகளைத் தெருத்தெருவாகச் சொல்லிவருவது அவள் புருஷன் பேச்சிமுத்துவின் வேலை.

பேச்சிமுத்து தண்டோரா போட்டால் மூன்று தெரு தள்ளித் தூங்குகிற பூனை எழுந்து உட்காரும். “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்” என்று தொடங்குவான். சொல்ல வேண்டியதைச் சொல்வான். கடைசியில், “கேட்டவங்க போய் வேலையைப் பாருங்க, கேக்காதவங்க கேட்டவங்களைக் கேளுங்க!” என்று முடிப்பான். அந்தக் கடைசி வரி ராஜா கொடுத்ததில்லை. அவனே சேர்த்துக்கொண்டது.

மூன்று நாளாக அவன் வீட்டுக்கு வரவில்லை. வெளியூருக்குப் போயிருப்பான் என்று வடிவு நினைத்திருந்தாள். வாசல் வேலியில் ஓர் இடைவெளி இருந்தது. அதில் ஒரு செடி நடு, ஒரு செடி நடு என்று மூன்று மாதமாக அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று பார்த்தால் அங்கே செடி நிற்கிறது. நட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷம். இலையின் ஓரமெல்லாம் வெளுத்திருந்தது ஒன்றுதான் குறை. ஏழுவேலியில் வேலி கத்தரிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம்: வெளுத்தது சீக்கு, அதை வெட்டு, பச்சையை விடு. அவளும் அதைத்தான் செய்தாள்.

“நடு நடுன்னு உயிரை எடுத்தியே புள்ள. இந்தா, நானே வந்து நின்னுட்டேன்” என்றது செடி.

“விளையாடாதேய்யா. எப்படி ஆச்சு இது?”

“ஆத்தங்கரையில ஒருத்தன் வந்தான். உங்க காதுல ஒண்ணு சொல்லணும்னான். எனக்கு ரகசியம்னா எவ்வளவு பிடிக்கும்னு உனக்குத் தெரியும். காதைக் கொடுத்தேன்.”

“கொடுத்தே.”

“அவன் ஒரு வரிதான் சொன்னான். கால் வேராக ஆரம்பிச்சிடுச்சு. வேர் பிடிக்கிறதுக்குள்ள ஓடி வந்தேன். இந்த வாசல் வரைக்கும்தான் கால் இருந்துச்சு.”

வடிவு அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். “யாரு அவன்?”

அவன் பெயர் சண்டமாருதன். பெயர்தான் புயல், குரல் எண்ணெய் போடாத கதவு. மந்திரமெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் பெரிய மந்திரத்தைப் பெரிய குரலில்தான் சொல்ல வேண்டும். மலையைப் பார்த்து ‘எழு’ என்றான், ஒரு கொசு எழுந்தது. புயலைக் கூப்பிட்டான், விசிறிக் காற்று வந்தது. அவனால் முடிந்ததெல்லாம் காதோடு காதாகச் சொல்கிற சில்லறை மந்திரம்தான். அப்படிச் சொல்லித்தான் பேச்சிமுத்துவைச் செடியாக்கினான். ஆற்றங்கரையில் நின்று சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லியும்விட்டான், கெட்டிக்காரர்களுக்கு வாய் நிற்காது என்பதால்.

“இலையில வெள்ளையா இருக்கறது நான். பச்சையா இருக்கறது அவன். பச்சை ஏற ஏற என் குரல் அவனுக்குப் போகும். முழுப் பச்சையாயிட்டா குரலும் அவனுக்கு, நானும் இல்லை. தைத் திருநாளுக்கு ஊரே கோட்டை வாசல்ல கூடும்ல? அன்னிக்கு என் குரல்ல மந்திரம் சொல்லி எல்லாரையும் மண்டியிட வைக்கப் போறானாம்.”

“முழுப் பச்சையாக்கத்தான் அவனே வந்து ஏதாவது செஞ்சிடுவானே?”

“அவன் கை இந்தச் செடியில படக் கூடாது. பட்டா மந்திரம் அவனையே பிடிக்கும். அடுத்தவங்க கையை வச்சுத்தான் செய்யணும்.”

வடிவு எழுந்தாள். கீழே கிடந்த இலை ஓரத்தை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“வலிக்குதாய்யா?”

“காதுதான். இன்னொண்ணு இருக்கு.”

சித்திரை மாதம் அது. நான்கு நாள் கழித்துத் தெருவில் ஓர் எரு வண்டி வந்தது.

“எரு! ஆட்டெரு! மாட்டெரு! அள்ளிப் போட்டா ஆளுயரம்!”

வண்டிக்காரன் முகத்தை முண்டாசு மறைத்திருந்தது. வேலிக்கு ஐந்தடி தள்ளியே நின்றான். “ஐயோ பாவம், செடிக்குச் சோகை பிடிச்சிருக்கே தாயீ. ரெண்டு கூடை சும்மாவே போடறேன். நீங்களே உங்க கையால வேர்ல தள்ளிவிடுங்க.”

செடிக்குக் காது உண்டு, கண் இல்லை. “அட, என்ன குரல்! யாரு புள்ள அது?” என்று மெச்சிக்கொண்டது.

புருஷன் பசியோடு நிற்பானே என்று வடிவு இரண்டு கூடையையும் கொட்டினாள். பத்தே நாளில் அடியிலிருந்து ஒரு கொழுந்து கிளம்பியது. கட்டைவிரல் தடிமன். உள்ளங்கை அகல இலை. ஓரத்தில் வெள்ளை என்பதே இல்லாத முழுப் பச்சை. மற்றக் கிளைகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டு அது மேலே போனது.

பக்கத்து வீட்டு மாடத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள். “இப்பத்தான்டி செடின்னு சொல்லலாம். இதை விட்டுட்டு மிச்சத்தையெல்லாம் வெட்டிப் போடு. ஒரே சீக்கு.”

வடிவுக்கும் கண் குளிர்ந்துதான் இருந்தது. பச்சை என்றால் நல்லது என்பதுதான் அவளுக்குப் பிறந்ததிலிருந்து பாடம். அன்று மத்தியானம் “என்னய்யா, வயிறு நிறைஞ்சுதா?” என்று கேட்டாள்.

“வ...டி...” என்றது செடி. எறும்பு பேசினால் அவ்வளவு சத்தம் இருக்கும்.

அதே நேரத்தில் மூன்று தெரு தள்ளி எரு வண்டியின் கூவல் கேட்டது. ஓட்டு வீட்டுப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. “எரு! ஆட்டெரு! மாட்டெரு! கேட்டவங்க போய் வேலையைப் பாருங்க, கேக்காதவங்க...”

“என்ன... குரல்...” என்றது செடி ஆசையாக.

“யோவ், அது உன் குரல்யா!”

அரிவாளை எடுத்தாள். கை நின்றது. முப்பது வயதுவரை வெளுத்ததை வெட்டிய கை, பச்சையை வெட்ட வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடியோடு ஒரே வெட்டு.

“...கேக்காதவங்க கேட்டவங்களைக் கீ...ச்” என்று மூன்று தெரு தள்ளிக் கூவல் அறுந்தது.

“வடிவு!” என்று செடி கத்தியது. மாடத்தி வீட்டில் எதுவோ கை தவறி விழுந்து உடைந்தது. அப்போதுதான் மாடத்திக்கும் விஷயம் தெரிந்தது.

அதற்குப் பிறகு எரு இல்லை. மேல் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். காலை வெயில் செடிக்கு நன்றாக ஒத்துக்கொண்டது. மூன்று மணி வெயில்தான் வெள்ளை ஓரத்தைத் தீய்த்தது. அந்த நேரத்துக்கு மட்டும் மேற்கே ஒரு பழைய புடவையைக் கட்டி மறைத்தாள். தினமும் செடியைச் சுற்றிவந்து முழுப் பச்சையாக ஏதாவது துளிர்க் கண் விழித்திருக்கிறதா என்று அடியில் பார்த்தாள். இருந்தால் நகத்தால் கிள்ளினாள்.

“அங்க கிள்ளாதே புள்ள, கூசுது.”

“சும்மா இருய்யா.”

ஆனி மாதம் ராஜாவுக்குப் பிறந்தநாள். அரண்மனை வேலிகளைக் கத்தரிக்க ஏழு நாள் வேலை. தண்ணீரும் புடவையும் மாடத்தியின் பொறுப்பு என்று ஒப்படைத்துவிட்டு வடிவு போனாள். ஏழாம் நாள் மதிலோரம் கத்தரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கோட்டைச் சுவரில் யாரோ, “ஆ... ஆஆ... ஆஆஆ...” என்று இழுத்தார்கள்.

“யாரண்ணே அது?” என்று காவல்காரனைக் கேட்டாள்.

“யாரோ பாகவதராம். திருநாளுக்குச் சாதகம் பண்ணணும்னு அனுமதி வாங்கியிருக்கார். நல்ல சாரீரம் இல்ல?”

வடிவு கத்தரியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

வீட்டு வாசலில் செடியைக் காணோம். அந்த இடத்தில் நாலு பக்கமும் ஓலை அடைத்த, இரண்டு அடுக்குக் கூரை வேய்ந்த ஒரு பந்தல் இருந்தது.

மாடத்தி பெருமையாக வந்தாள். “பார்த்தியாடி! நீ போன மறுநாள் ஒரு புண்ணியவான் வந்தான். வெயில்ல வாடுதே, பந்தல் போட்டுத் தர்றேன்னான். பாவம், தொண்டை கட்டிக் கழுத்துல துணி சுத்தியிருந்தான். என்ன பக்குவம்ங்கறே! இலை மேல கைகூடப் படாம ஒதுங்கி ஒதுங்கிக் கட்டினான்.”

“மாடத்தி...”

“என்னடி?”

“ஒண்ணுமில்ல. அந்தப் பக்கம் பிடி.”

இரண்டு பேருமாகப் பந்தலைப் பிரித்தார்கள். உள்ளே செடி இருட்டில் நீண்டு, சோர்ந்து, கரும்பச்சையாக நின்றது. ஒவ்வொரு இலையிலும் வெள்ளை ஒரு நூல் அளவுக்குத்தான் இருந்தது. வடிவு இலையில் காதை வைத்துக் கேட்டாள்.

“விடிஞ்சிடுச்சா?” என்றது.

முழுப் பச்சைக் கிளைகளை எண்ணாமல் வெட்டினாள். மாடத்தி தலையில் அடித்துக்கொண்டே அள்ளிப் போட்டாள். மறுநாள் காலை வெயில் விழுந்தது. மூன்றாம் வாரம் புதுத் துளிர் வெள்ளை ஓரத்தோடு வந்தது. கோட்டைச் சுவரில் பாகவதருக்குத் தொண்டை போய்விட்டதாக ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் முறை அவன் வேஷம் போடவில்லை. ஆவணியில் ஒருநாள் நேராக வந்து வேலிக்கு ஐந்தடி தள்ளி நின்றான். ஒல்லியான ஆள். கையில் கத்திரிக்காய்ப் பை.

“தோத்துட்டேன்மா” என்றான் கதவுக் குரலில். “பச்சை நான், வெள்ளை அவன். நீ முழுப் பச்சையை மட்டும் வெட்டறே. பாதி பாதியா இருக்கற இலையெல்லாம் அப்படியே நிக்குது. அதுலயும் நான் இருக்கேனே? பச்சை கலந்த எதையும் விடாதே. முழு வெள்ளையா வர்ற துளிரை மட்டும் வளர்த்துக்கோ. செடி முழுக்க வெள்ளையாகட்டும். உன் புருஷன் முழுசா அவனாயிடுவான். இது சத்தியம்.”

“எதுக்கு எனக்கு வழி சொல்றே?”

“சலிச்சுப்போச்சு” என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

வடிவு யோசித்தாள். பச்சை அவன், வெள்ளை நான் என்று புருஷனே முதல் நாள் சொன்னதுதானே? கணக்குச் சரியாகத்தான் இருந்தது. செடியில் அங்கங்கே பால் நிறத்தில் முழு வெள்ளைத் துளிர்கள் வந்திருந்தன. அவற்றை விட்டுவிட்டு, பச்சை கலந்த கிளைகளை ஒவ்வொன்றாகக் கழித்தாள். வேலை முடிகிற சமயத்தில் வேலியின் பின்பக்கம் ஒரு கலப்புக் கொம்பு மீதி இருந்தது. கத்தரியை நீட்டியவள் மடக்கிக்கொண்டாள்.

எந்த வேலியை வெட்டினாலும் பின்பக்கம் ஒரு கொம்பைத் தொடாமல் விட வேண்டும் என்பது வேலி கத்தரிக்கிறவர்களின் இன்னொரு வழக்கம். குருவி வந்து உட்கார. அதற்குக் குருவிக் கொம்பு என்று பெயர். புருஷனே ஆனாலும் வேலி வேலிதான். விட்டுவிட்டாள்.

மறுநாளிலிருந்து தெருவில் கூட்டம். வெள்ளைத் துளிர்கள் விறுவிறுவென்று நீண்டன. பட்டுத் துணியில் தைத்த மாதிரி அழகு. பேச்சிமுத்துவின் குரல் முன்னெப்போதும் இல்லாத சுத்தத்தோடு ஒலித்தது. “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், மாடத்தி வீட்டுல இன்னிக்குக் கருவாட்டுக் குழம்பு!” என்றான். தெருவே சிரித்தது. மாடத்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவன் சொன்னான்: “வடிவு, பசிக்குது.”

தண்ணீர் ஊற்றினாள்.

நான்காம் நாள்: “வடிவு, ரொம்பப் பசிக்குது.”

இன்னும் ஊற்றினாள்.

ஐந்தாம் நாள் உச்சி வெயிலில் குரல் மணி மாதிரி கேட்டது. “பசிக்குது புள்ள.” வெள்ளை இலைகளின் ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தது. தண்டு தொய்ந்திருந்தது. வேரில் ஈரம் இருந்தது.

வடிவு செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பின்பக்கம் ஒரு தேன்சிட்டு குருவிக் கொம்பில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு கொம்பு மட்டும் நிமிர்ந்து நின்றது. அதன் இலைகளில் நடுவே பச்சை, ஓரத்தில் வெள்ளை. அந்தக் கொம்பை ஒட்டிப் பக்கத்தில் இருந்த ஒரே ஒரு வெள்ளைத் துளிரும் வாடாமல் இருந்தது. மற்றதெல்லாம் தொங்கின.

அவள் மெதுவாக, “யோவ், உனக்கு யாருய்யா சமைக்கிறது?” என்று கேட்டாள்.

“என்ன புள்ள கேக்கறே?”

“வெயிலை வாங்கிச் சோறாக்குறது பச்சைதான். வெள்ளைக்கு உக்காந்து சாப்பிடத்தான் தெரியும். நீ வீட்டுல இருந்த மாதிரியேதான் செடியிலயும் இருக்கே.”

“அப்ப அவன்தான் எனக்குச் சமைச்சுப் போட்டானா?”

“ஆமா. முழுப் பச்சையானா அவன் உன்னைத் தின்னுடுவான். முழு வெள்ளையானா நீயே பட்டினியில போயிடுவே. நீ போனா உன் குரல் யாருக்கு? ரெண்டுலயும் அவனுக்குத்தான். சத்தியம் பண்ணினானே, பொய் சொல்லலை. முழுசா நீயாகி, அப்படியே செத்திருப்பே.”

கத்தரியை எடுத்தாள்.

“எதை வெட்டப் போறே?”

“வெள்ளையை.”

“வடிவு! அது என்னோட நல்ல குரல்! இவ்வளவு நல்ல குரல் எனக்கு வாழ்க்கையில வந்ததே இல்லை!”

“நல்ல குரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? கஞ்சி ஊத்துன்னு கேக்கற அளவுக்கு உனக்கு இருந்தாப் போதும்.”

வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் குரல் ஒரு படி இறங்கியது. முதலில் ஊருக்குக் கேட்ட குரல், பிறகு தெருவுக்கு, பிறகு வாசலுக்கு. கடைசியில் ஒரே ஒரு கொம்பும் அதில் ஏழெட்டு இலையும் மிஞ்சின. ராஜா அந்தப் பக்கம் வந்திருந்தால் இதை வேலி என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

“இருக்கியா?” என்றாள்.

“இருக்கேன்” என்றான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற சத்தத்தில். “பசி குறைஞ்சிருக்கு.”

அந்த ஒரு கொம்பிலிருந்து புரட்டாசியில் மூன்று கிளை. ஐப்பசி மழையில் ஒன்பது. கார்த்திகையில் எண்ண முடியவில்லை. முழுப் பச்சை வந்தால் கிள்ளினாள், முழு வெள்ளை வந்தால் கிள்ளினாள். கலப்பு இலையை விட்டாள். செடி குள்ளமாக, அடர்த்தியாக, தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருக்கிற மாதிரி நின்றது. மார்கழியில் உண்மையாகவே பூத்தது.

சண்டமாருதனுக்கு என்ன ஆயிற்று? சமைக்கிறவனுக்கு வேலை ஓயவில்லை. ஒவ்வொரு இலையிலும் அவன் பாதி மாட்டிக்கொண்டு, பேச்சிமுத்துவின் பாதிக்குச் சோறாக்கிப் போட்டது. தனியாக ஒரு பச்சைக் கிளை கிளம்பினால்தானே அவனுக்கு ஏதாவது மிஞ்சும்? கிளம்ப விட்டால்தானே? தைத் திருநாளுக்கு முதல் நாள் காலையில் அவன் வந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. கதவுக் குரல்கூட இல்லை. உதடு மட்டும் அசைந்தது. வேலிக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்துவிட்டான்.

வடிவு உள்ளே போய் ஒரு சொம்பு கஞ்சி கொண்டுவந்து வைத்தாள்.

“ஏ வடிவு, உனக்குப் பைத்தியமா?” என்றாள் மாடத்தி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து.

“எட்டு மாசமா என் புருசனுக்குச் சமைச்சுப் போட்டிருக்கான்” என்றாள் வடிவு.

அவன் குடித்து முடித்தான். கொஞ்சம் மூச்சு வந்தது. வடிவு குனிந்து கேட்டாள். “என்னை விட்டுடும்மா” என்றான் அவன்.

“நீ கட்டினதை நீதானே அவுக்கணும்?”

“காதோட சொல்லிக் கட்டினதை ஊர் கேக்கச் சொல்லித்தான் அவுக்கணும். எனக்குக் குரல் ஏது? மூணு வரிதான்...”

“குரல் இங்க இருக்கு” என்றது செடி. எட்டு மாதமாக வேலை இல்லாமல் நின்றவனின் உற்சாகம் இலையெல்லாம் தெரிந்தது. “வரியைச் சொல்லுய்யா. எத்தனை தெருவுக்கு?”

சண்டமாருதன் வடிவின் காதில் சொன்னான். வடிவு இலையின் காதில் சொன்னாள். செடி தொண்டையைச் செருமிக்கொண்டது.

“இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்...”

சண்டமாருதன் பதறிக் கையை ஆட்டினான். “அதெல்லாம் மந்திரத்துல இல்லை! சகலமானவர்களும் வேண்டாம்!”

“அது இல்லாம எனக்கு வராதுய்யா” என்றது செடி. திரும்ப முதலிலிருந்து தொடங்கியது. பாதிக் குரல்தான். ஆனால் ஒவ்வொரு இலையும் சேர்ந்து சொல்லிற்று. “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்! வேரே, காலாய் வா! கிளையே, கையாய் வா! யார் யாராய் இருந்தாரோ, அவர் அவராய் வா! கேட்டவங்க போய் வேலையைப் பாருங்க, கேக்காதவங்க கேட்டவங்களைக் கேளுங்க!”

செடியை விலக்கிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டுவது போல ஒரு காலைத் தூக்கி வைத்துப் பேச்சிமுத்து வெளியே வந்தான். இடது காதின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. வடிவு முந்தானையை அவிழ்த்துப் பார்த்தாள். எட்டு மாதத்துக்கு முன் முடிந்த இலை ஓரத்தைக் காணோம்.

சகலமானவர்களும் கேட்டுவிட்டார்கள். அதே நேரத்தில் குளத்துப் படித்துறையில் துணி துவைக்கிற கல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. ஒன்பது வருஷத்துக்கு முன் காணாமல்போன குதிரைப்படைத் தளபதி. “இனி ஒருத்தர் என் முதுகில் துணி அடிக்கக் கூடாது” என்பதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை. உப்பு வியாபாரி வீட்டுக் கழுதை சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தது. அரண்மனைப் பாட்டு வாத்தியார் அவர். கழுதையாக இருந்தபோதும் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார், யாரும் நின்று கேட்கவில்லை. அன்று ஏழுவேலியில் பதினோரு பேர் அவரவர் ஆனார்கள். பதினோரு வீட்டில் உலை கொதித்தது.

ராஜா நேரில் வந்தார். மாறுவேடத்தில்தான் வந்தார், எல்லோரும் எழுந்து நின்று வணங்கினார்கள். செடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்கு விதை இருந்தா அரண்மனைக்குக் கொடும்மா” என்றார்.

“விதை போட்டா வெறும் பச்சைதான் வரும் மகாராஜா. கொம்பு வெட்டித் தர்றேன். நட்டு, பத்து நாள் நிழல்ல வையுங்க.”

“உனக்கு என்ன வேணும்?”

வடிவு யோசித்தாள். “வேலியெல்லாம் ஒரே நிறமா இருக்கணும்ங்கற கட்டளையை எடுத்துடுங்க. எல்லா வேலியிலயும் ஒரு குருவிக் கொம்பு விடணும்னு போடுங்க.”

“போட்டாச்சு. தண்டோராக்காரன் எங்கே?”

தண்டோராக்காரன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். எட்டு மாதம் அடுத்தவன் சமைத்ததைச் சாப்பிட்டவனுக்கு வடிவின் ரசம் தேவைப்பட்டது. மாடத்தி கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தாள். “இதை ஊருக்குச் சொன்னியே, வச்சுக்கோ” என்று இலையில் ஊற்றினாள். கூடம் நிறைய ஆட்கள். தளபதி சம்மணம் போட்டு உட்கார மறந்துபோய்ப் படுத்துக்கொண்டே சாப்பிட்டார். வாசற்படி ஓரம் இன்னோர் இலை போட்டிருந்தது. அதில் சண்டமாருதன் குனிந்த தலை நிமிராமல் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்குத் தன் கதவுக் குரல் திரும்பியிருந்தது. அதில், “போதும்மா” என்றான்.

இலையை எடுத்து எறிந்து, கை கழுவி, கத்திரிக்காய்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் கிளம்பினான். வேலியருகே வந்ததும் பழக்கத்தில் ஐந்தடி ஒதுங்கி நடந்தான். பிறகு நின்றான்.

செடியின் அடியில், இரண்டு கிளைகளுக்குப் பின்னால், விரல் நீளத்துக்கு ஒரு கொழுந்து எட்டிப் பார்த்தது. முழுப் பச்சை.

உள்ளே பேச்சிமுத்து எதற்கோ பெரிதாகச் சிரித்தான். மாடத்தி ஏதோ பதில் சொன்னாள். வடிவு அகப்பையோடு நிமிர்ந்தபோது வாசல் வழியாகச் சண்டமாருதனின் முதுகு தெரிந்தது.

அவன் பையைக் கீழே வைத்தான். குனிந்து, கையை நீட்டி, அந்தக் கொழுந்தை நகத்தால் அடியோடு கிள்ளினான். விரலில் ஒட்டிய பாலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

வடிவு அடுத்த இலைக்கு ரசம் ஊற்றினாள்.